நிரையும் மரமும்: டேப்பெஸ்ட்ரியில் என் மூன்றாவது துண்டு

பல வருடமாக நான் செய்தது பூத்தையல். பாயோ டேப்பெஸ்ட்ரி என்ற பழைய பிரெஞ்சுப் படத்துணியின் படங்களைப் பார்த்துத்தான் நெசவில் ஆசை வந்தது. அப்புறம் படித்தால், அந்த 70 மீற்றர் நீளத் துணி நெய்ததே இல்லை, லினனில் கம்பளி நூலால் தைத்ததாம். பெயர்தான் டேப்பெஸ்ட்ரி. ஆனாலும் ஆசை போகவில்லை. உண்மையான டேப்பெஸ்ட்ரியில் துணியும் படமும் சேர்ந்தே வளரும். குறுக்கே போகும் ஒவ்வொரு ஊடை நூலும் தன் நிறத்தின் எல்லை வரைக்கும் போய்த் திரும்பிவிடும். நெடுக்கே கட்டிய பாவு நூல் முழுக்க மறைந்துவிடும்.

தறி, இலங்கை மலையகத்தில் ஹட்டன் வீட்டில் கிடந்த பழைய ஜன்னல் சட்டம். மேலும் கீழும் ஆணி அடித்து, பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டினேன். ஊடைக்குப் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்தேன். வாங்குமுன் ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பேன்: முடி கருகும் வாசம் வந்தால் கம்பளி, உருகி மணியாக உறைந்தால் செயற்கை நூல். பிரித்த நூல் சுருண்டு கிடக்கும். அலசி, நுனியில் பாரம் கட்டித் தொங்கவிட்டால் நேராகிவிடும்.

முதல் துண்டு 30 சென்ரிமீற்றர் அகலத்தில் தொடங்கி 25-இல் முடிந்தது. நூலை நேராக இழுத்ததுதான் காரணம். இப்போது ஒவ்வொரு வரியையும் மலைமேடு மாதிரி வளைத்து விட்டு, பிறகு முள்கரண்டியால் தட்டி இறக்குகிறேன். ஓரம் அசைவதில்லை.

இரண்டாவதில் தேயிலை மலையையும் யூக்கலிப்டஸ் மரங்களையும் நெய்தேன். நெட்டுக்கு நிற்கும் மரத்தின் இரண்டு பக்கமும் பிளந்து நின்றது. இரு நிறமும் ஒரே இடத்தில் திரும்பினால் அங்கே துளை விழும். பாரிஸின் கோப்லான் பட்டறை நெசவாளர்கள் படத்தைப் பக்கவாட்டில் சாய்த்து நெய்வார்களாம். நானும் சாய்த்து மறுபடி நெய்தேன். மரம் அழகாக வந்தது. படத்தில் மேலிருந்து கீழாக வரைந்திருந்த நிரைகளும், அதாவது தேயிலைச் செடி வரிசைகளும், பிளக்காமல் வந்தன.

அம்மாயி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிரை மலையைச் சுத்தித்தானே போகும், நீ ஏன் மேலேயிருந்து கீழே இறக்கியிருக்க?" என்றார். அவர் கொங்காணி என்ற மழைப் போர்வையைப் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து பறித்த மலை அது. நான் பார்த்து வரைந்த புகைப்படத்தைவிட அவர் சொன்னதுதான் சரி.

மலையைச் சுற்றிப் போகும் நிரைகளைச் சாய்த்து நெய்தால் அவை நெட்டுக்கு நின்று பிளக்கும். அதனால் மூன்றாவதை நிமிர்த்தியே நெய்கிறேன். நிரைகள் ஊடை போகும் திசையிலேயே படுக்கின்றன. அதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மரத்தின் ஓரத்தில் மட்டும் இரண்டு நிற நூலையும் ஒன்றோடொன்று கொக்கியாகக் கோத்துத் திருப்புகிறேன். ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கோக்க வேண்டும், ஒரு மாலைக்கு இரண்டு விரல் அகலம்தான் ஏறுகிறது. துளை இல்லை.

பனிக்கு வெள்ளையையும் சாம்பலையும் மெல்லிய இழைகளாக்கி ஒன்றாகப் பிடித்து நெய்து பார்த்தேன். தனி வெள்ளையைவிட அதுதான் காலைப்பனி. நேற்று மரத்தின் பாதி உயரம் வந்திருக்கிறது.