கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளும் வாசித்துக் காட்டும் செயலியும்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ்வழி வகுப்பெடுக்கும் எனக்கு, எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஒதுக்குவதில் உடன்பாடில்லை. அந்தத் திணறலுக்கு, வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (specific learning disability) காரணமாக இருக்கலாம்; அதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தன் குறைபாடுகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

'கோ' என்ற எழுத்தையே பாருங்கள்: இரட்டைக்கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, ஒலியோ நடுவில் நிற்கும் ககரத்திலிருந்து தொடங்குகிறது. இந்த இடத்தில் தடுக்கி நிற்கும் பிள்ளைக்கு, பாடத்தை உரக்க வாசித்தபடியே அந்தந்தச் சொல்லை நிறமிட்டுக் காட்டும் செயலி பெருந்துணை. கண்ணும் காதும் ஒரே சொல்லில் நிற்பதால், எழுத்தோடு மல்லுக்கட்டுவதில் தீர்ந்துபோகும் கவனம் பொருளின் பக்கம் திரும்புகிறது. வேகத்தைக் குறைத்து வைப்பதும், ஆளுக்கொரு காதொலிப்பான் தருவதும் அவசியம். (நாற்பது பேர் கூச்சலில் எந்தச் செயலியும் எடுபடாது.)

எழுதுவதற்கான குரல்வழித் தட்டச்சு அவ்வளவு சுலபமில்லை. மலையாளம் கலந்த எங்கள் பேச்சைக் கைப்பேசி தன் போக்கில் எழுதிவிடுகிறது. லகர, ளகர, ழகரங்களும் இடம் மாறுகின்றன. ஆகவே, கைப்பேசி எழுதியதை அந்த வாசித்துக் காட்டும் செயலியில் வாசிக்கக் கேட்டு, பிழையைப் பிள்ளையே திருத்தும்படி விடுகிறேன்.