வடைக் கதையில் இவ்வளவு இருக்கிறதா?

ஏழாம் வகுப்பு படிக்கிற அக்கா மகள் நேற்று நோட்டோடு வந்து, "சித்தி, கதைக்கரு, களம், மாந்தர், முரண் எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன், ஒண்ணும் புரியல" என்றாள். சரி, பாட்டி வடை சுட்ட கதையையே எடு என்றேன். பாட்டி, காகம், நரி மாந்தர், மரத்தடி களம். முரண் எங்கே என்றதும் "நரிக்கும் காக்காவுக்கும் சண்டையே வரலையே" என்று முழித்தாள். சண்டையே வேண்டாம், நரிக்கு வடை வேண்டும், வடையோ காகத்தின் அலகில், முரண் அவ்வளவுதான், காகம் பாட வாய் திறக்கிற அந்த ஒரு நொடிதான் உச்சம். கரு? "வடை" என்றாள் (நானும் அந்த வயதில் அப்படித்தான் எழுதியிருப்பேன்). வடை வெறும் பொருள், புகழ்ச்சியில் மயங்கி ஏமாறுவதுதான் கரு. அப்புறம், காகம் வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடுகிற புதுக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ கரு மாறிடுச்சா சித்தி?" என்றாள்.