ஒயின் புளித்தால் நஷ்டம் யாருக்கு?

போன மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், பெங்களூரிலிருந்து காட்பாடிக்கு வந்திருந்த என் காலேஜ் கூட்டாளியை வேலூரில் ஓர் ஓட்டல் பாருக்குக் கூட்டிப்போனேன். எந்த ஓட்டல் என்று கேட்காதீர்கள். அவனுக்கு ரெட் ஒயின்தான் வேண்டுமாம். மெனுவில் நாசிக் ஒயின் ஒன்று இருந்தது, கிளாஸ் 650, பாட்டில் 2,800.

இங்கே இன்னமும் பாதிப் பேருக்கு டாஸ்மாக் என்றால் ஒயின் ஷாப்தான். உள்ளே போய் நிஜமாகவே ஒயின் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள், அது வேறு கதை.

அவன் போனில் பார்த்துவிட்டு, "எங்க ஊர்க் கடையில இது ஆயிரத்துச் சொச்சம்டா, கொள்ளை" என்றான். எனக்கு அது கொள்ளையாகத் தெரியவில்லை. ஆம்பூர் பிரியாணி சாப்பிடும்போது அரிசி என்ன விலை, கறி என்ன விலை என்று யாராவது கணக்குப் போடுகிறோமா? ஒயினில் மட்டும் கடை விலை கண்ணுக்குத் தெரிந்துவிடுவதால் வயிறு எரிகிறது. லைசென்ஸ் கட்டணம், ஏசி, ஆள் சம்பளம், உடையும் கிளாஸ் எல்லாம் அதில்தான் வந்தாக வேண்டும். எம்ஆர்பி என்று சண்டை போடவும் முடியாது, ஓட்டலில் தண்ணீர் பாட்டிலையே எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் ஆயிரம் ரூபாய் பாட்டிலையும் மூவாயிரம் ரூபாய் பாட்டிலையும் ஒரே மாதிரி மூன்றால் பெருக்குவது எனக்குப் பிடிக்காது. கார்க்கைத் திருகும் கை ஒன்றுதானே, பாட்டிலுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைத்தால் என்ன?

சரி, கிளாஸ் கணக்குக்கு வருவோம். 750 மில்லியில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும், அதாவது 3,250. பாட்டிலாக வாங்குவதைவிட 450 அதிகம். இதுவும் நியாயம்தான், ஏனென்றால் திறந்த ஒயின் காற்றுப் பட்டால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், மிச்சத்தைக் கொட்ட வேண்டிவரும், அந்த நஷ்டத்துக்குத்தான் கிளாஸ் குடிக்கிறவனிடம் கூடுதலாக வாங்குகிறார்கள்.

வாங்கினால் கொட்டவும் வேண்டும் இல்லையா?

வந்த கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் வாசம். சிவப்பு மங்கி ஓரத்தில் செங்கல் பொடி கரைத்த மாதிரி ஒரு நிறம், தொட்டால் கிளாஸ் வெதுவெதுவென்று இருந்தது. சர்வர் தம்பியைக் கூப்பிட்டேன். "ஒயின்னா கொஞ்சம் புளிக்கும் சார்" என்றான். பாவம், அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பாட்டிலை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டதும் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"சனிக்கிழமை சார்."

அன்று வியாழன். ஐந்து நாளும் அது கவுன்ட்டரில்தான் நின்றிருக்கிறது, ஃபிரிட்ஜில்கூட இல்லை. கெட்டுப்போகும் என்று சொல்லி என்னிடம் காசும் வாங்கிக்கொண்டு, கெட்டுப்போனதையும் எனக்கே ஊற்றினால் அந்தக் கூடுதல் காசு எதற்கு? அவன் சொன்ன கொள்ளை 2,800-இல் இல்லை, இதில் இருக்கிறது.

மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னேன். வேறு பாட்டில் திறக்க மனசில்லை போலிருக்கிறது, பில்லில் 650-ஐ மட்டும் கழித்துவிட்டார். அப்புறம் ஆளுக்கொரு பீர் சொன்னோம், அது ஜில்லென்று வந்தது.