லீவர் சகோதரர்களில் இளையவர்

எங்கள் கடைப் பலகையில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘அன் பிரதர்ஸ்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பிரதர்ஸ் சித்தப்பா ஒருவர்தான். அதனாலோ என்னவோ, சன்லைட் சவுக்காரம் செய்த லீவர் பிரதர்ஸின் கதையை வாசிக்கும்போதெல்லாம் நான் தேடுவது தம்பி ஜேம்ஸ் டார்சியைத்தான். அண்ணன் வில்லியத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

அவர்களும் கடைக்காரரின் பிள்ளைகள். இங்கிலாந்தில் போல்டன் என்ற ஊரில் தகப்பனுக்குப் பலசரக்கு வியாபாரம். 1851இல் பிறந்த வில்லியம் பதினாறு வயதில் கடைக்கு வந்து செய்த முதல் வேலைகளில் ஒன்று, நீளமான சவுக்காரக் கட்டியைத் துண்டு துண்டாக வெட்டிச் சுற்றிக் கொடுப்பது. திருகோணமலையில் சித்தப்பா செய்ததும் அதே வேலைதான். பார் சவுக்காரத்தை வெட்டும்போது உதிரும் தூளைக்கூட விடமாட்டார். பழைய பேப்பரில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மாவும் சின்னம்மாவும் அதில்தான் சட்டி பானை கழுவினார்கள்.

வில்லியம் கண்டுபிடித்தது சவுக்காரத்தை அல்ல. கடைக்காரன் வெட்டித் தந்த பெயரில்லாத துண்டை, ஒரே அளவில் வெட்டி, பெட்டியில் போட்டு, பெயர் வைத்து விற்கலாம் என்பதைத்தான். சன்லைட் என்ற பெயரை 1884இல் பதிவு செய்தார். அடுத்த வருடம் வாரிங்டனில் ஒரு தொழிற்சாலையைக் குத்தகைக்கு எடுத்து, தம்பியோடு சேர்ந்து தாங்களே காய்ச்சத் தொடங்கினார்கள். செய்முறை வில்லியம் ஹவ் வாட்சன் என்ற இரசாயனக்காரருடையது. மாட்டுக் கொழுப்பைக் குறைத்து, கொப்பராவிலிருந்தோ செம்பனை விதையிலிருந்தோ எடுத்த எண்ணெயைக் கூட்டினார்கள்.

இந்த எண்ணெய் விஷயம் எங்களுக்குப் புதிதல்ல. கொழுப்புச் சவுக்காரம் உவர்த் தண்ணீரில் நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு போகும். தேங்காயெண்ணெய் அதிகம் சேர்ந்த சவுக்காரம் கடல் தண்ணீரிலும் நுரைக்கும். மீன்பிடிக்கிற ஊரான திருக்கடலூரிலிருந்து வருகிறவர்கள் கட்டியை மோந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். படித்த இரசாயனம் இல்லை, மூக்குத்தான்.

1888இல் மெர்சி ஆற்றோரச் சதுப்பு நிலத்தில் தொழிற்சாலையும் வேலையாட்களுக்கு வீடுகளுமாக ஒரு ஊரே எழத் தொடங்கியது. அதற்கும் சவுக்காரத்தின் பெயர்தான்: போர்ட் சன்லைட். அழகான வீடுகள், தோட்டங்கள். ஆனால் 1911இலிருந்து எண்ணெய்க்காக பெல்ஜியக் கொங்கோவில் இதே கம்பனி நடத்திய தோட்டங்களில் கட்டாய வேலை வாங்கினார்கள். போர்ட் சன்லைட்டைப் புகழ்கிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம்.

சரி, தம்பிக்கு என்ன ஆனது? 1895இல் நோயில் விழுந்தார். நீரிழிவாக இருக்கலாம் என்கிறார்கள். இரண்டு வருடத்தில் இயக்குநர் பதவியை விட்டார். 1910இல் இறந்தார். பெயர்ப் பலகையில் மட்டும் பிரதர்ஸ் அப்படியே நின்றது. 1930இல் டச்சுக் குடும்பங்களின் மாஜரின் வியாபாரத்தோடு சேர்ந்து யுனிலீவர் ஆன பிறகும், கொழும்பில் 1938இல் தொடங்கிய கம்பனிக்கு லீவர் பிரதர்ஸ் சிலோன் என்றுதான் பெயர் வைத்தார்கள். சித்தப்பாவிடம் சொன்னால் சிரிப்பார்: “பலகையில எழுதினா போதுமே, பங்கு குடுக்கவேண்டாமே!”

பற்பசைக்கு லீவர் கம்பனிக்காரர் வந்தது பிந்தித்தான். 1944இல் அமெரிக்கப் பெப்சொடென்ட்டை வாங்கினார்கள். 1955 செப்டெம்பரில் பிரிட்டனில் ஒளிபரப்பான முதல் தொலைக்காட்சி விளம்பரமும் இவர்களுடைய கிப்ஸ் எஸ்ஆர் பற்பசைக்குத்தான். எங்களுக்கு வந்து சேர்ந்தது சிக்னல். எந்தப் பற்பசை வேண்டுமென்றாலும் “ஒரு சிக்னல் தாங்கோ” என்றுதான் கேட்பார்கள். அப்பா எதை எடுத்து நீட்டினாலும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சித்தப்பாதான் எந்த சிக்னல் என்று திருப்பிக் கேட்பார்.