சீவாளி ஊசி

கொழும்பு விமானத்துக்கான கவுண்டரில் அன்று நான் அந்தப் பெரியவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். முதல் கேள்வி என் கடமை. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. இரண்டாவதை ஏன் கேட்டேன் என்பதுதான் ஒன்றரை ஆண்டாகியும் பிடிபடவில்லை. மூன்றாவதை எழுதலாமா வேண்டாமா என்ற தயக்கத்திலேயே இதை இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

அவர்கள் நான்கு பேர். இரண்டு நாதசுரம், இரண்டு தவில். கொழும்பில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் வாசிக்கப் போகிறவர்கள். தவில்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வலந்தலை என்னும் வலப்பக்கத் தோலின் இறுக்கத்தைத் தளர்த்தி, பழைய ஜமுக்காளத்தைச் சுற்றி, கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். ‘உடையக்கூடியது’ என்ற சீட்டை ஒட்டி, சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்ற தாளில் கையெழுத்து வாங்கி, சரக்கறைக்கு அனுப்பிவிட்டேன். சிக்கல் நாதசுரத்தில்தான். கைப்பையின் நீளம் 55 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பாரி என்னும் நீள வகை நாதசுரம் 34½ அங்குலம், அதாவது ஏறக்குறைய 88 சென்டிமீட்டர். அடியில் புனலைப்போல் விரியும் அனசைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாலும் உலவு என்னும் மரக்குழல் மட்டுமே அளவைத் தாண்டும். விதிப்படி அதுவும் சரக்கறைக்குத்தான் போக வேண்டும்.

ஆச்சா மரத்து உலவு எத்தனை ஆண்டு கையிலிருந்து பதப்பட்டிருக்கும் என்பதும், பெட்டிகளோடு பெட்டியாக அது வீசப்பட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். என் தாய்வீட்டுத் தெருவில் மேளக்காரர் வீடுகள் உண்டு. மேலே இருக்கும் சாமான் அறையில் அடங்கிவிடும் சிறு வாத்தியத்தைக் கேபினில் அனுமதிக்கும் உரிமை எங்களுக்குக் கொஞ்சம் இருக்கிறது. அந்த உரிமையை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, “கையிலேயே கொண்டு போங்கள் ஐயா” என்று சொன்னேன். சொன்னபோது எனக்குள் ஒரு நிறைவு வந்தது என்பதையும் எழுத வேண்டும். பின்னால் நடந்ததற்கு அந்த நிறைவுக்கும் பங்கு உண்டு என்று சில நாள் தோன்றுகிறது.

கேபினுக்குப் போகிறது என்பதால் உறையைத் திறந்து காட்டச் சொன்னேன். உலவின் தலையில் நூல் கட்டி, அதில் வாயில் வைத்து ஊதும் சீவாளிகள் நாலைந்து, சீவாளியைச் செருகும் கெண்டை ஒன்று உபரியாக, அவற்றோடு மூன்றங்குல நீளத்தில் ஓர் ஊசி தொங்கின. சீவாளியின் வாயைத் திறந்து சரிசெய்யவும், எச்சில் அடைத்தால் நீக்கவும் வைத்திருப்பது. பழுத்த எலுமிச்சைத் தோலைப் போன்ற மஞ்சள். விரல் பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

“இது கூர்மையா இருக்கா ஐயா?” என்று கேட்டேன். இது முதல் கேள்வி. கூரான பொருளைக் கேபினுக்குள் விட்டால் அடுத்த நிலையில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் எடுத்துக்கொள்வார்கள். எடுத்தது திரும்பி வராது. பெட்டியில் போடச் சொன்னால் தீர்ந்தது. அவரும், “பெட்டியில வச்சுக்கிறேன் தாயி” என்று நூலை அவிழ்க்கத் தொடங்கினார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நான், “எதுல செஞ்சது ஐயா, எலும்பா?” என்று கேட்டேன்.

“எலும்பு இல்ல தாயி, தந்தம். எங்க தாத்தா வாசிச்ச காலத்துல இருந்து இருக்கு.”

பெருமையாகத்தான் சொன்னார். நல்ல பொருளைக் கண்டு கேட்கிறாள் இந்தப் பெண் என்று நினைத்துச் சொன்ன பதில் அது. நானும் ஆசையால் கேட்டதாகத்தான் நினைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்பு எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்திருந்தது. நட்சத்திர ஆமைகளைக் காலுறைக்குள் சுருட்டிக் கொண்டு போவது, பறவை முட்டைகளை உடலோடு கட்டிக்கொள்வது, தந்தத்தை வளையலாகவும் மணியாகவும் கடத்துவது என்று படம் போட்டுக் காட்டினார்கள். சந்தேகம் வந்தால் சாதாரணமாகப் பேசுவதைப் போல் கேளுங்கள் என்றும் சொன்னார்கள். நான் அன்று சாதாரணமாகப் பேசினேனா, சாதாரணமாகப் பேசுவதைப் போல் கேட்டேனா என்பதை இப்போது பிரித்தறிய முடியவில்லை.

அந்தப் பயிற்சிவரை, விலங்குகளைப் பற்றிய விதி என்றால் உயிருள்ள விலங்குகளைப் பற்றியது என்றே நான் நினைத்திருந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இராஜபாளையம் நாய் ஒன்றை யாராவது கொண்டுவந்தால், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்றையும் பார்த்து, கூண்டுக்குள் அது தலை இடிக்காமல் நிற்கிறதா, திரும்ப முடிகிறதா, காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா என்று நானே குனிந்து பார்ப்பேன். கூண்டு போதாது என்று திருப்பி அனுப்பியபோது என்னைத் திட்டியவர்கள் உண்டு. அதற்காக ஒருநாளும் நான் வருந்தியதில்லை. நிற்க இடமில்லாத நாய் படும் பாடு கண்ணுக்குத் தெரிகிறது. பவர் பேங்க்கைச் சரக்கறைப் பெட்டியில் வைக்காதீர்கள் என்பதும் அப்படித்தான்: கேபினில் தீப்பிடித்தால் பணிப்பெண் கையில் தண்ணீர் இருக்கிறது, சரக்கறையில் பற்றினால் எட்டும் தூரத்தில் யாரும் இல்லை. கொப்பரை கூடாது என்பதற்கும் காரணம் சொல்வேன்: எண்ணெய்ப் பசை உள்ள பொருள், தானே சூடேறக்கூடியது. காரணத்தைச் சொல்லிவிட்டால் நம் ஊர் மக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். இத்தனை ஆண்டு வேலையில் நான் நம்பி நின்றது அதை மட்டும்தான்.

இந்த ஊசிக்கும் காரணம் உண்டு, அது சிறிய காரணமும் அல்ல. ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே தந்தம். ஆகவே தந்த வேட்டை ஆண்களையே குறிவைத்து அழித்தது. 1980-களில் பெரியாற்றுக் காட்டில் ஒரு வளர்ந்த ஆண் யானைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண் யானைகள் என்ற நிலை வந்ததாக ஆய்வாளர்கள் கணக்கெடுத்துச் சொன்னார்கள். மலையில் சுரங்கம் குடைந்து 1895 முதல் நம் வைகைக்குத் தண்ணீர் வருவது அந்தக் காட்டிலிருந்துதான். இந்தியத் தந்த வாணிகத்தை 1986-லும், ஆப்பிரிக்கத் தந்தத்தை இங்கே விற்பதை 1991-லும் தடைசெய்த பிறகுதான் வேட்டைக்காரனின் சந்தை சுருங்கியது. பழைய தந்தம் என்று சொல்லி ஒன்றை விட்டால், புதிய தந்தமும் பழையதாகப் பேர் மாற்றிக்கொண்டு வரும். இதையெல்லாம் நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அந்த மூன்றங்குலத்தை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவரிடம், விமானம் மூட நாற்பது நிமிடம் இருக்கும்போது, என் வாயில் வந்தது இவ்வளவுதான்: “ஐயா, தந்தத்தை நாடு விட்டு நாடு கொண்டு போகக் கூடாது.”

அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, “தந்தம்தான்னு நல்லாத் தெரியுமா ஐயா? எலும்பாக்கூட இருக்கலாம்ல?” என்றேன்.

நான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன். ‘இருக்கலாம் தாயி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருப்பேன். அவர், “தெரியாம எப்படி தாயி? எங்க தாத்தா வச்சிருந்ததுல்ல” என்றார். என் கேள்வி அவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் தாத்தாவின் பொருளை எலும்பு என்று சொல்ல நா வரவில்லையா? இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். அவர் முகத்தை நினைவில் கொண்டுவந்து பார்த்தால் ஒருநாள் ஒன்று தெரிகிறது, மறுநாள் மற்றொன்று தெரிகிறது.

பயிற்சியில் சொன்னபடி நடந்திருந்தால் நான் மேலதிகாரியிடம் சொல்லி, அவர் சுங்கத்துறைக்குச் சொல்லி, அந்த நால்வரும் அன்று பறந்திருக்க மாட்டார்கள். மனம்போல நடந்திருந்தால் காதில் விழாததைப்போல் இருந்திருப்பேன். இரண்டையும் செய்யவில்லை. “வழியனுப்ப வந்தவங்க யாராவது வெளியே இருந்தா குடுத்துட்டு வாங்க ஐயா” என்றேன். வேன் அப்போதே உசிலம்பட்டிக்குத் திரும்பிவிட்டது என்றார் இளைய தவில்காரர். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீயே வச்சிரு தாயி, வந்து வாங்கிக்கிறேன்” என்று ஊசியை என் பக்கமாக நீட்டினார்.

பயணியின் பொருளை ஊழியர் வாங்கி வைக்கக் கூடாது. அதற்காக வேலை போனவர்களை எனக்குத் தெரியும். தந்தம் என்று தெரிந்தே வாங்கினால் வேறு வழக்கும் சேரும். மறுத்துவிட்டேன். மறுத்தது சரி என்று இன்றும் சொல்வேன். ஆனால் மறுத்த விதம் சரியில்லை: கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன், சுடும் பொருளைக் கண்டதைப்போல.

உள்ளே வந்துவிட்ட பயணி தன் விருப்பத்துக்கு வெளியே போக முடியாது. ஆகவே எங்கள் பையன் ஒருவனை அழைத்து, வாசலில் சொல்லிப் பதிவேட்டில் எழுதி, அவரை வெளியே அனுப்பச் சொன்னேன். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பினார். ஊசி இல்லை. போர்டிங் பாஸை வாங்க நீட்டிய வலது கைக் கட்டைவிரல் நகத்துக்குள் ஈரமண் அப்பியிருந்தது. எங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை; அன்றைக்குக் கேட்க வேண்டியதைவிட அதிகமாகவே கேட்டிருந்தேன். அவர்தான், “முன்னாலேயே சொன்னது நல்லதாப் போச்சு தாயி, அங்க போயி மாட்டியிருந்தா நாலு பேருக்கும் சங்கடம்” என்றார். வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குடியேற்றச் சோதனைக்கு நடந்தார்.

நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமும் அவர் சொன்னதுதான். அயல்நாட்டுச் சுங்கத்தில் பிடிபட்டிருந்தால் திருவிழாவும் போய், வழக்கும் வந்திருக்கும். உடனே மறுகேள்வியும் எழுகிறது: நூலில் தொங்கும் மூன்றங்குலக் குச்சியை எந்தச் சுங்க அதிகாரி எடுத்துப் பார்க்கப் போகிறார்? எத்தனை திருவிழாவுக்கு அது எத்தனை முறை கடல் தாண்டிப் போய்வந்திருக்கும்? அதைத் தந்தம் என்று அடையாளம் காணக்கூடிய ஆள் அந்த வழி முழுவதிலும் நான் ஒருத்திதான், அதுவும் மேளக்காரர் தெருவில் வளர்ந்த காரணத்தால். பழக்கம் இல்லாத ஒருத்தி என் இடத்தில் இருந்திருந்தால் கூர்மையா என்று கேட்டதோடு முடிந்திருக்கும்.

பிற்பாடு சட்டத்தைத் தேடிப் படித்தேன். வீட்டில் வைத்திருக்கும் வன விலங்குப் பொருள்களை அறிவிக்க 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வாரிசாகப் பெற்றவர் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதித் தர வேண்டும். அந்தப் பெரியவர் வீட்டில் யாருக்கு இது தெரிந்திருக்கும்? அந்தக் குச்சியைப் பொருள் என்றே எண்ணியிருக்க மாட்டார்கள். அது வாத்தியத்தின் ஓர் உறுப்பு. சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடித் தேங்காயைக் கேபினில் கொண்டுபோக 2024 அக்டோபரில் இசைவு தந்து, 2025 ஜனவரி 20 வரை விட்டார்கள். ஒவ்வொன்றையும் ஊடுகதிரிலும் கையாலும் சோதித்து அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அவ்வளவு பேர் கேட்டார்கள், கிடைத்தது. தாத்தாவின் சீவாளி ஊசிக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள் ஆதங்கப்பட்டேன். தேங்காயால் எந்தக் காடும் அழியவில்லையே என்று அடுத்த நாளே என்னை நானே மறுத்துக்கொண்டேன். இரண்டு எண்ணமும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

எங்கள் மூத்த ஊழியர் ஒருவரிடம் மட்டும் இதைச் சொன்னேன். “ஒண்ணு முழுசா பார்த்திருக்கணும், இல்ல முழுசா பார்க்காம இருந்திருக்கணும்” என்றார் அவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழுதாகப் பார்த்திருந்தால் அந்த மனிதரை நான் குற்றவாளியாக ஒப்படைத்திருக்க வேண்டும். அது எந்த யானையைக் காப்பாற்றியிருக்கும் என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். அவரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியையே ஒவ்வொருவரும் கேட்டுக் கேட்டுத்தான் பெரியாற்றுக் காடு அப்படி ஆனது என்பதும் எனக்குத் தெரிகிறது.

அன்று பணி முடிந்து வெளியே வந்தபோது, பெரியவர் எந்தப் பக்கம் போனார் என்று அந்தப் பையனைக் கேட்டேன். வண்டி நிறுத்தும் இடத்துப் பக்கம் என்றான். அங்கே வரிசையாக மரங்கள் இருக்கின்றன. காலையில்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள், எல்லாவற்றின் அடியிலும் மண் ஈரமாகவே இருந்தது. மூன்றாவது மரம்வரை நடந்தேன். கண்டுபிடித்தால் அதை என்ன செய்வேன் என்று தோன்றியதும் நின்றுவிட்டேன்.

அவர்கள் திரும்பும் தேதி முன்பதிவில் இருந்தது. பார்த்தேன், எனக்கு அன்று வார விடுமுறை. வேறு யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொண்டிருக்கலாம். கேட்கவில்லை.