பதினாறுக்குப் பதில் எட்டு

தந்திகளைத் தளர்த்தி ஆறாவதைத் தாழ்ந்த சி ஸ்வரத்துக்கு இறக்கும் டிராப் சி ட்யூனிங்கில் என் கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தி உறுமாது, முனகும். உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வேகமாக அடிக்கும்போது ஒவ்வோர் அடியும் தனித்தனியே விழ வேண்டும். எனக்கோ எல்லாம் களியாகக் குழைந்து வந்தது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகே இருந்து அவற்றின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பை மாற்றிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

"அவுட்புட் அதிகம் உள்ளதாகப் பார்த்து வாங்கு" என்றார்கள் கூட வாசிக்கிறவர்கள். நானும் பிக்கப்புகளின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம் எண்களை ஒப்பிட ஆரம்பித்தேன். எண் பெரிதானால் முரட்டுத்தனமும் பெரிதாகும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கைக் குலைத்தவை சீமோர் டங்கன் கம்பெனியின் ஜேபி, டிஸ்டார்ஷன் என்ற இரண்டு ஹம்பக்கர்கள், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப்புகள். மின்தடையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பதினாறு கிலோ ஓமுக்குச் சற்று மேல். ஆனால் ஜேபியில் இருப்பது ஆல்நிகோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தம், டிஸ்டார்ஷனில் செராமிக். அதோடு, மெல்லிய கம்பியைச் சுற்றினாலே மின்தடை ஏறிவிடும்; அதை வைத்து மட்டும் சத்தத்தை அளக்க முடியாது. நண்பரின் கிட்டாரில் ஜேபியை வாசித்துப் பார்த்தேன். சோலோவுக்கு அருமை, நடு ஸ்தாயி முன்னால் வந்து பாடுகிறது. ஆறாவது தந்தியில்தான் எனக்கு வேண்டிய இறுக்கம் இல்லை. அதனால் செராமிக் பக்கம், டிஸ்டார்ஷனுக்குச் சாய்ந்தேன்.

நடுவில் இஎம்ஜி 81 என்ற இன்னொரு பிக்கப் மீது ஒரு சபலம். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு பல ஆண்டுகள் வாசித்தது. கனத்த இசை கேட்கிறவர்கள் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அது ஆக்டிவ் வகை. 9 வோல்ட் பேட்டரி வேண்டும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாட் 25 கிலோ ஓமில் வேண்டும், ஸ்டீரியோ ஜாக் வேண்டும். என் கிட்டாரின் பின்குழியில் பேட்டரிக்கு இடமே இல்லை. மரத்தைக் குடைய மனம் வரவில்லை.

ஆர்டர் போடும் முன் ஸ்கேலை வைத்து முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். என்னுடையது ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ், சுமார் 53 மில்லிமீட்டர். சாதாரண ஹம்பக்கரின் காந்த முனைகள் 49 மில்லிமீட்டர் அகலத்தில் நிற்கும், ஓரத் தந்திகள் அவற்றுக்கு நேராக வராது. டிஸ்டார்ஷனின் அகலமான ட்ரெம்பக்கர் வடிவத்தையே வாங்கினேன்.

மூடியைக் கழற்றினால் வால்யூம் பாட்டின் முதுகில் 'பி250கே', அதாவது 250 கிலோ ஓம் என்று அச்சிட்டிருந்தது. ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடுவது 500. இத்தனை நாள் உச்ச ஸ்தாயியின் கூர்மையை அது மழுக்கியிருக்கிறது. களியில் பாதிப் பழி அதற்கும் உண்டு. முதலிலேயே திறந்து பார்த்திருக்கலாம். ரிச்சி தெருவில் வாங்கிய சால்டரிங் அயர்னால் அதையும் மாற்றினேன்.

ஆம்பில் செருகினால் ஒல்லியான சத்தம், கூடவே 'ம்ம்ம்' என்ற இரைச்சல். ஜாக்கில் மல்டிமீட்டரை வைத்தேன். பதினாறு காட்ட வேண்டிய இடத்தில் எட்டு. இரண்டு சுருள்களில் ஒன்று வேலை செய்யவே இல்லை. அரை மணி நேரம் விழித்தபிறகுதான் புரிந்தது: நான் பார்த்து ஒட்டியது டிமார்சியோ என்ற வேறொரு கம்பெனியின் ஒயர் வரைபடம். அதில் கருப்பையும் வெள்ளையையும் சேர்க்க வேண்டும், சிவப்புதான் சிக்னல் போகும் ஹாட் ஒயர். டங்கனிலோ கருப்பும் வெள்ளையும் ஒரே சுருளின் இரு முனைகள். ஒரு சுருளின் வாலை அதன் வாயிலேயே கட்டிவிட்டிருக்கிறேன். பிரித்து, வெள்ளையைச் சிவப்போடு சேர்த்து, கருப்பை ஹாட்டுக்கும் பச்சையையும் வெற்று ஒயரையும் கிரவுண்டுக்கும் கொடுத்தேன். மீட்டர் பதினாறை நெருங்கியது.

ஆசை மிகுதியில் பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகே ஏற்றியபோது பழைய களி கொஞ்சம் திரும்பி வந்தது. ஆறாவது தந்திப் பக்கத் திருகை அரைச் சுற்று, பிறகு கால் சுற்று என்று இறக்கினேன். ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் ஒவ்வோர் அடியும் தனியாக விழுந்தது. ஆம்பில் ஒலியை முரடாக்கும் கெய்னையும் குறைத்துவிட்டேன்.