தூங்கியும் தீராத தூக்கம்

ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் எனக்கு, சென்ற ஆண்டு முழுவதும் பிற்பகல் 3 மணி ஒரு கண்டமாகவே இருந்தது. இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுந்தும், எடைச்சீட்டில் உள்ள மூட்டை எண்ணிக்கையைப் பேரேட்டில் ஏற்றுவதற்குள் அது மனத்திலிருந்து நழுவிவிடும். ஒரே சீட்டை இருமுறை பதிந்துவிட்டு, கூட்டல் ஏன் இடிக்கிறது என்று விழித்த நாட்களும் உண்டு. வயதாகிறது, வெயில் அதிகம் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். "குறட்டை பொசுக்குனு நின்னு போகுதுங்க, மூச்சையே காணோம், அப்புறம் திடுக்குனு இழுக்கறீங்க" என்று மனைவி பயந்து சொன்ன பிறகே மருத்துவரிடம் சென்றேன்.

எனக்கிருந்தது உறக்க மூச்சுத்தடை (ஸ்லீப் ஆப்னியா). உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே இந்நோய். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு தடைபட, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை நம்மை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. காலையில் அது எதுவும் நினைவிருப்பதில்லை. பெரியவர்களுக்கு இத்தடை மணிக்கு 5 முறைக்குள் இருந்தால் இயல்பு, 30-ஐத் தொட்டால் கடுமை, எனக்கு 34. உறக்கம் இப்படித் துண்டுதுண்டாக அறுபடுவதால்தான், கவனமும் ஓர் எண்ணைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்தும் திறனும் பகலில் தடுமாறுகின்றன. இதைச் சோம்பல் என்று பிறர் ஏசியதைவிட, நானும் அதை நம்பியதுதான் வருத்தம்.

1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் விவரித்த சிபாப் முறையில், முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்தே வைக்கிறார்கள். முதல் வாரம் அது பெரும் தொல்லை. மூன்றாம் வாரம், மதியத் தேநீருக்கு முன்பே அன்றைய பேரேடு ஒரே கூட்டலில் ஒத்துப்போனது.